குதிரை லாயம் வைக்கப் போறீங்களா? கொள்ளு வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வில்லியனூர் மண் குதிரையை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஐயனார் கோயில் வாசலில் வருஷக்கணக்கா நிற்கும். தீனி கேட்காது, தண்ணீர் கேட்காது, ராத்திரி ரெண்டு மணிக்கு வயிற்று வலியில் புரளாது. நிஜக் குதிரை இதெல்லாம் செய்யும். அதிலும் அது அடுத்தவருடைய குதிரையாக இருந்தால், பொறுப்பு இரண்டு மடங்கு.

கதிர்காமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது: "வில்லியனூர் பக்கம் எங்க மாமா நிலம் சும்மா கிடக்கு. அதுல லாயம் கட்டி, மத்தவங்க குதிரையைப் பராமரிச்சு, பயிற்சி கொடுத்து சம்பாதிக்கலாமா? எந்த ஆபீஸுக்கு முதல்ல போகணும்?" நல்ல கேள்வி. ஆனால் ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இது என்ன தொழில்?

குதிரை வைத்திருப்பவர்கள் எல்லாரிடமும் இடம் இருக்காது. அவர்களுடைய குதிரையை மாத வாடகைக்கு வைத்துக்கொண்டு தீனி, சுத்தம், உடற்பயிற்சி எல்லாம் பார்த்துக்கொள்வது முழுப் பராமரிப்பு. இடம் மட்டும் நம்முடையது, தீனியும் ஆளும் உரிமையாளருடையது என்றால் அது பாதிப் பராமரிப்பு. இளங்குதிரையைச் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பழக்குவது, புதிதாக வருபவர்களுக்குச் சவாரி சொல்லிக்கொடுப்பது ஆகியவை பயிற்சி வருமானம்.

நம் பக்கத்தில் இது புதுசு இல்லை. ஆரோவில் பகுதியில் ரெட் எர்த் சவாரிப் பள்ளி பல வருஷமாக நடக்கிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி நடக்கும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் வருகின்றன.

பழைய கதை ஒன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து வருஷம்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் இறங்கியதாகவும், பராமரிக்கத் தெரியாததாலும் லாடம் அடிப்பவர்கள் இல்லாததாலும் அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போனதாகவும் எழுதி வைத்திருக்கிறார். பணம் இருந்தது, குதிரை இருந்தது, கவனிக்கத் தெரிந்த ஆள் இல்லை. இன்றைக்கும் ஒரு லாயம் நஷ்டப்படுவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

கதிர்காமத்திலேயே வைக்கலாமா?

நேரடியாகச் சொன்னால், வேண்டாம். கதிர்காமம் உழவர்கரை நகராட்சிக்குள் வரும், வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதி. ஒரு குதிரை ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ வரை சாணம் போடும். ஐந்து குதிரை என்றால் மாசத்துக்கு இரண்டு டன்னுக்கு மேல். ஈ, நாற்றம், அடைத்துக்கொள்ளும் வாய்க்கால் என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

கொம்யூன் பஞ்சாயத்துப் பகுதிகளில் இடம் பார்ப்பது நல்லது. பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

• ஒரு குதிரைக்குக் குறைந்தது 12 அடிக்கு 12 அடி கொட்டடி. காற்று குறுக்கே வந்து போகணும்.
• கட்டிப்போடாமல் உலாவ விட வேலி போட்ட திறந்தவெளி, பயிற்சிக்கு மணல் தரை.
• மேட்டு நிலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அன்றைக்கு அந்த நிலத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஈரத்திலேயே நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகும்.
• நிலம் உங்கள் பெயரில் இல்லை என்றால் குத்தகைப் பத்திரம். மாமாவே ஆனாலும் எழுதி வாங்குங்கள்.

தினமும் என்ன செலவு?

'குதிரைக்குக் கொள்ளு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் குதிரையின் முக்கிய உணவு புல்லும் உலர்தீவனமும்தான். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர்ந்த எடைக் கணக்கில் தினமும் தேவை. 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், பச்சையாகவே கொடுத்தால் 30 கிலோவைத் தாண்டும். ஐந்து குதிரைக்கு மாதம் ஒரு டன்னுக்கு மேல் உலர்தீவனம் வேண்டும். மழைக்காலத்தில் இதை எங்கே வாங்குவது, நனையாமல் எங்கே வைப்பது? பூஞ்சை பிடித்த தீனி குதிரைக்கு விஷம் மாதிரி.

கொள்ளு, ஓட்ஸ், தவிடு போன்ற அடர்தீவனம் வேலைக்கு ஏற்ற அளவில் மட்டும். தண்ணீர் 25 முதல் 45 லிட்டர், கத்திரி வெயிலில் இன்னும் கூடும். குளம்பு சீவலும் லாடமும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. லாடம் அடிப்பவர்கள் உரிமம் பெற வேண்டும் என்று 1965-ம் ஆண்டு விதிகளே இருக்கின்றன. அதனால் ஆள் பிடிக்கும்போது அதைக் கேளுங்கள்.

வாடகையை எப்படிக் கணக்குப் போடுவது?

நிறைய பேர் தவறு செய்யும் இடம் இது. ஓர் உதாரணம் பார்க்கலாம். உங்கள் லாயத்தில் 10 கொட்டடி. இடவாடகை, சம்பளம், மின்சாரம் என்று குதிரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 60,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தால் வகுத்தால் ஒரு குதிரைக்கு 6,000. தீனிச் செலவோடு இந்த 6,000-ஐச் சேர்த்து வாடகை வைக்கிறீர்கள். ஆனால் வந்தது 6 குதிரைதான். 36,000 வரும், மாதம் 24,000 கைக்காசு போகும். அதனால் முதல் வருஷம் பாதிக் கொட்டடிதான் நிரம்பும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால், கொட்டடியைக் குறைத்துக் கட்டுங்கள்.

பராமரிப்பு வாடகை செலவை ஈடுகட்டும். லாபம் பெரும்பாலும் பயிற்சியிலிருந்துதான் வரும். அதற்குத் தகுதியான பயிற்சியாளர் வேண்டும். நீங்களே அந்த ஆள் என்றால் நல்லது. இல்லை என்றால், அவர் வேலையை விட்டுப்போன மாதம் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள்.

நோயும் மருத்துவரும்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்று வலி வந்தால் அது அவசர நிலைதான். தரையில் புரள்வது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, சாணம் போடாமல் இருப்பது ஆகியவை அறிகுறிகள். 'காலையில பாத்துக்கலாம்' என்று விடாதீர்கள். கதிர்காமத்திலிருந்து தூரமில்லாத குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளுக்கான கட்டணமில்லா எண் 1962. இரண்டையும் லாயச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

சந்தையிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வரும் குதிரையை நேராக மற்ற குதிரைகளோடு கட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துக் கவனியுங்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும், அதற்குத் தடுப்பூசி கிடையாது. மூக்கில் சளி, தோலில் கட்டி தெரிந்தால் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். இது 2009-ம் ஆண்டு விலங்கு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. குதிரை நோய்களுக்கென்றே ஹரியானா மாநிலம் ஹிசாரில் தேசிய ஆராய்ச்சி மையம் 1985-ல் தொடங்கப்பட்டது, ரத்த மாதிரிகள் அங்கே பரிசோதிக்கப்படுகின்றன. டெட்டனஸ் தடுப்பூசி குதிரைக்கு மட்டுமல்ல, அங்கே வேலை பார்க்கும் உங்களுக்கும் அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உரிமையாளரோடு நிற்காது. விலங்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் எல்லாருக்கும் அதை நலமாக வைத்திருக்கும் கடமை உண்டு. அதாவது உங்களுக்கும்.

பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ம் ஆண்டு விதிகள்படி ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் மதியம் 12 முதல் 3 வரை கூடாது. முள் வைத்த கடிவாளம் கூடவே கூடாது. பயிற்சிக் குதிரைக்கு இதைவிடக் குறைவான வேலைதான் நல்லது. நம்ம ஊர் வெயிலுக்குக் காலை 6 முதல் 9 வரை சரியான நேரம்.

வாய்ப்பேச்சு போதாது, எழுதி வாங்குங்க

அடுத்தவர் பொருளை ஒப்படைத்து வாங்கிக்கொள்வது பற்றி 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் விரிவாகப் பேசுகிறது. அதில் குதிரையே உதாரணமாக வருகிறது! முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்து, ஓட்டியவர் விழுந்து அடிபட்டால், கொடுத்தவர்தான் பொறுப்பு. அதனால் குதிரை கடிக்குமா, உதைக்குமா என்பதை உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்களும் உங்கள் சொந்தப் பொருளைக் காப்பது போன்ற கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் சொல்லாத ஆளை அதன் மேல் ஏற்றக் கூடாது.

பெரிய சிக்கல் வாடகை பாக்கி. உரிமையாளர் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை, போனும் எடுக்கவில்லை. தீனியை நிறுத்த முடியுமா? முடியாது, அது குற்றம். குதிரையைப் பிடித்து வைக்கலாமா? உழைப்பும் திறமையும் செலுத்திய வேலைக்குக் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது. பயிற்சிக்கு இதைச் சொல்லலாம். வெறும் தங்கலுக்கும் தீனிக்கும் இது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். பிடித்து வைத்தாலும் தினமும் தீனி உங்கள் செலவில்தான். 'குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம்' என்ற கதைதான் இது.

எனவே ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்:

• இரண்டு மாத வாடகை முன்பணம், மாத வாடகை கட்ட வேண்டிய தேதி
• பாக்கி எத்தனை நாள் தாண்டினால் என்ன செய்யலாம் என்பது
• உரிமையாளர் போன் எடுக்காவிட்டாலும் அவசர சிகிச்சைக்கு அனுமதி, அதற்கான செலவு வரம்பு
• வரும் நாளில் எடுத்த போட்டோ, உடல்நிலைக் குறிப்பு, தடுப்பூசி விவரம்
• காப்பீடு யார் எடுப்பது

போன்லயே முடிக்கக்கூடிய வேலைகள்

• நில ஆவணம்: புதுச்சேரியின் 'நிலமகள்' தளத்தில் பட்டா விவரம் பாருங்கள். வில்லங்கச் சான்றும் எடுத்துவிடுங்கள்.
• உத்யம் பதிவு: ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை, உடனே வெளியே வந்துவிடுங்கள்.
• தொழில் உரிமம்: லாயம் இருக்கும் இடத்தின் கொம்யூன் பஞ்சாயத்தில். கட்டடம் கட்டும் முன்பே கேளுங்கள்.
• ஜி.எஸ்.டி.: சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு தேவை. ஆடு மாடு வளர்ப்பு தொடர்பான சேவைகளுக்கு உள்ள வேளாண் விலக்கு குதிரைக்குக் கிடையாது, சட்டத்தில் குதிரை வளர்ப்பைத் தனியாக விலக்கி வைத்திருக்கிறார்கள்.

மானியம் கிடைக்குமா?

தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. 50 சதவீத முதலீட்டு மானியம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய். தனிநபர், சுயஉதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் அமைப்பு விண்ணப்பிக்கலாம். இயக்கத்தின் 'உத்யமிமித்ரா' தளத்தில்தான் விண்ணப்பம்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தத் திட்டம் கால்நடை வளர்ப்பை, இனப்பெருக்கத்தை நோக்கியது. அடுத்தவர் குதிரையை வாடகைக்குப் பராமரிப்பது வேறு வேலை. உங்கள் திட்டம் பொருந்துமா என்று கால்நடைத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விண்ணப்பியுங்கள். மானியம் வரும் என்று நம்பி கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பாதீர்கள்.

சரி, எங்கே ஆரம்பிக்கிறது?

அந்த கதிர்காமம் தம்பிக்கு நம்முடைய பதில் இதுதான். முதலில் நடந்துகொண்டிருக்கும் ஒரு லாயத்தில் ஆறு மாதம் வேலை பாருங்கள். அதில் ஐப்பசி, கார்த்திகை மழை கட்டாயம் இருக்கட்டும். சாணம் அள்ளி, குளம்பு சுத்தம் செய்து, ராத்திரி வயிற்று வலிக் குதிரையை நடத்திப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், இரண்டு கொட்டடியோடு ஆரம்பியுங்கள். தீனி, மருந்து, சம்பளத்துக்கு ஆறு மாதப் பணம் தனியாக வங்கியில் இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். வாடகை வராத மாதத்திலும் அந்தக் குதிரைகள் காலை ஆறு மணிக்கு உங்களைப் பார்த்துத்தான் கனைக்கும்.