கடல் கொண்ட கதைகள்

கடல் நிலத்தை விழுங்கிய செய்தி தமிழர்க்குப் புதியதன்று. பஃறுளி ஆற்றையும் குமரிக் குன்றத்தையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் கூறும். ஆங்கே கடலின் சினமே காரணம்.

வருங்காலக் கேட்டைக் கற்பனையால் காட்டும் நாவல்கள் மேனாட்டில் பல உண்டு. 1962-இல் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஜி. பாலார்ட் வெளியிட்ட 'மூழ்கிய உலகம்' என்னும் நாவலில் இலண்டன் மாநகரம் நீரில் ஆழ்கிறது. கதிரவனின் கொந்தளிப்பைக் காரணமாக்கினார் ஆசிரியர். 2020-இல் அமெரிக்கரான கிம் ஸ்டான்லி ராபின்சன் எழுதிய நாவலோ, உத்தரப் பிரதேசத்தில் வெப்ப அலையால் மக்கள் பெருந்திரளாய் மடிவதில் தொடங்குகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வானைக் கரியமில வாயுவால் நிரப்பிய மனிதனே அங்குக் குற்றவாளி.

இவற்றைக் கற்பனையென்று தள்ளத் திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இயலுமா? வலியதுறையில் 1956-இல் திறக்கப்பெற்ற கடற்பாலம் 2024-இல் இரண்டாகப் பிளந்தது. அலை வீடுகளைக் கொண்டுபோகவே, மீனவக் குடும்பங்கள் பல சிமெண்டுக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் ஒண்டியிருந்தன. கரை அரிப்புக்குக் காரணம் ஒன்றன்று. கடலுள் எழுப்பும் கற்சுவர்கள் மணலின் ஓட்டத்தைத் தடுக்கும். வெம்மையால் உயரும் கடல்மட்டம் அரிப்பை மிகுவிக்கும்.

நாவலில் நகரம் முழுதும் ஒருங்கே மூழ்கும். வாழ்விலோ, கரையோர ஏழையின் குடிலே முதலில் மூழ்குகிறது. பிழைப்புக்காகச் சொந்த ஊர் துறந்து வந்த நாம், வீடிழந்தோர் துயரை எளிதில் உணர்வோம் அன்றோ? இக்கதைகளை நம் பிள்ளைகள் படிக்கட்டும். வலியதுறையையும் சென்று காணட்டும். விதியால் வந்த கேட்டுக்கு அழத்தான் இயலும். மனிதன் விளைத்த கேட்டை மனிதனே குறைக்கவும் கூடும்.