கடலுக்கு அடியில் 650 அடி உயர அலை!
சேற்றைக் கிளப்பி வெகுதூரம் கொண்டு போகிறது

மேலே கப்பல் போய்க்கொண்டிருக்கும். கடல் அமைதியாக இருக்கும். அதே இடத்தில், அடியில் பத்து தென்னை மர உயரத்துக்கு ஓர் அலை எழும்பிக் கொண்டிருக்கும்!

கதை அல்ல. தென்சீனக் கடலில் நடப்பது. சுனாமியும் அல்ல, நிலவின் இழுப்பால் கடல் ஏறி இறங்குகிறதே, அந்த ஏற்றவற்றத்தின் வேலை.

எண்ணெயும் தண்ணீரும்

பாட்டிலில் பாதி தண்ணீர், மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டு லேசாகச் சாய்த்துப் பாருங்கள். இரண்டும் சேரும் இடத்தில் மெதுவாக ஓர் அலை ஆடும். கடலிலும் அப்படித்தான். மேல் தண்ணீர் வெயிலில் சூடாகி லேசாக இருக்கிறது. அடித் தண்ணீர் குளிர்ந்து கனமாக இருக்கிறது.

தைவானுக்கும் பிலிப்பைன்சின் லூசோன் தீவுக்கும் நடுவே கடலடியில் இரண்டு மலைத் தொடர்கள். ஏற்றவற்றத்தில் தண்ணீர் அவற்றைத் தாண்டும்போது, அடித் தண்ணீர் மேலே தள்ளப்பட்டு அலையாக மேற்கே கிளம்புகிறது. மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர்தான் வேகம். சைக்கிள்காரரே முந்திவிடுவார்! சுமார் இரண்டு நாளில் ஹாங்காங்குக்குத் தென்கிழக்கே உள்ள துங்ஷா தீவுப் பக்கம் வந்து சேருகிறது. இந்த அலைகள் 200 மீட்டரையும் தாண்டும் என்று 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். கடலின் மேல்மட்டமோ சில சென்டிமீட்டர்தான் அசையும்.

5 மாடி உயர மணல் குன்று

துங்ஷா அருகே கடல் ஆழம் குறைகிறது. அலைக்குத் தரை தட்டுகிறது. அவ்வளவுதான், துடைப்பத்தால் பெருக்கினது மாதிரி தரை கலங்கிப் போகிறது.

மணல் கனம்; சீக்கிரம் விழுந்துவிடும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து, 160 முதல் 600 மீட்டர் ஆழத்தில் குன்றுகளே உண்டாகிவிட்டன. சில குன்றுகள் 16 மீட்டருக்கும் அதிக உயரம். 2011-ல் இந்த விவரம் வெளியானது. அதுவரை, அவ்வளவு ஆழத்தில் இத்தனை பெரிய மணல் மேடா என்று யார் நினைத்தார்கள்?

நைசான சேறு லேசில் விழாது. தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே புகை மாதிரி படுக்கைவாக்கில் பரவி, ஆழ்கடலுக்குப் போகிறது.

போட்டால் போச்சா?

சேற்றில் செத்த உயிர்களின் மிச்சம் இருக்கும். சிறு பிராணிகளுக்கு அது தீனி. மனிதன் கொட்டும் ரசாயனமும், பிளாஸ்டிக் துகளும் அதே சேற்றோடுதான் ஒட்டிக் கிடக்கும். கடலில் கரைத்த பெருங்காயம் என்று நாம் கைகழுவி விடுகிறோம். இந்த மாதிரி அலை அடிக்கிற இடத்தில் அது மறுபடி கிளம்பி, யாரும் கொட்டாத ஆழத்தில் போய்ப் படிகிறது.

துங்ஷா பக்கம் பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக இந்த அலையின் பின்னாலேயே போவதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அலை கிளப்பிவிடும் இரைக்காகத்தான் இருக்க வேண்டும்!