ஓய்வுக்குச் சம்பளம் யார் தருவது? லாங் கோவிட்டும் பிரிட்டனின் மூன்று நாள் விதியும்

லாங் கோவிட்டிலிருந்து ஒருவர் மீண்டு வருவதை வைரஸும் உடல்வாகும் மட்டும் முடிவு செய்வதில்லை. என்ன வேலை பார்க்கிறார், படுத்துவிட்டால் சம்பளம் வருமா, வீட்டில் சமைப்பது யார், ஜன்னலைத் திறந்தால் என்ன காற்று வருகிறது என்பதெல்லாம் அதில் சேரும். இதைக் காட்டும் தரவுகள் பிரிட்டனில் நிறைய உண்டு. 2023 மார்ச் தொடக்க நிலவரப்படி அங்கே சுமார் 19 லட்சம் பேர் தங்களுக்கு லாங் கோவிட் இருப்பதாகச் சொல்வதாகத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது. அவர்களில் 79 சதவீதத்தினரின் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருந்தது. 35 முதல் 69 வயது வரையுள்ளவர்கள், பெண்கள், ஏழ்மை மிகுந்த பகுதிகளில் வசிப்பவர்கள், முதியோர் பராமரிப்பு போன்ற சமூகப் பராமரிப்பு வேலைகளில் இருப்பவர்கள் ஆகியோரிடம் விகிதம் கூடுதலாக இருந்தது.

அதே நாட்டில் நோய்க்கால ஊதிய விதி 2026 ஏப்ரல் 6 முதல் மாறியது. ‘முதல் நாளிலிருந்தே பணம்’ என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு, இனி எத்தனை மாதம் படுத்தாலும் முழுச் சம்பளம் வரும் என்று எண்ணும் வாசகர் கடிதங்கள் வருகின்றன. பகுதிநேர வேலைக்கு இது பொருந்தாது என்று எண்ணும் கடிதங்களும் வருகின்றன. இரண்டும் தவறு.

முதலில் வரையறை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் சொன்னபடி, தொற்று கண்டு மூன்று மாதம் ஆன பிறகும் இருக்கிற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளே லாங் கோவிட். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, ‘கோவிட்டுக்குப் பிந்தைய நோய்க்குறி’ என்று சொல்ல 12 வாரம் ஆக வேண்டும் என்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2024 ஜூனில் தந்த வரையறையும் மூன்று மாதம் என்கிறது. ஆனால் பரிசோதனைச் சான்று கட்டாயமில்லை என்று அது சேர்த்துக்கொண்டது. இந்த மூன்று மாதக் கோடு ஆய்வாளர்களுக்கும் அலுவலகங்களுக்கும் எண்ணிக்கை போட வசதியானது. நோயாளிக்கு அதனால் லாபமில்லை. ஓய்வு தேவைப்படும் அந்த முதல் வாரங்களில்தான் நோய்க்கு உறுதியான பெயர் இல்லை, பெயர் இல்லாததால் விடுப்புக்குக் காரணம் சொல்வதும் கடினம். சான்றும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் பொதுமக்களுக்கான இலவசப் பரிசோதனை 2022 ஏப்ரல் 1-இல் பெரும்பாலும் நின்றுபோனது. அதற்குப் பிறகு, காசு கொடுத்துக் கிட் வாங்கியவரிடம்தான் ஆதாரம் இருந்தது.

சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு, உழைக்கும் வயதிலுள்ள இரண்டு லட்சம் பேரின் தரவை எடுத்துக்கொண்டது. மிக ஏழ்மையான பகுதிகளில் வசிப்பவர்களுக்கு, வசதி மிகுந்த பகுதிகளில் வசிப்பவர்களைவிட லாங் கோவிட் வரும் சாத்தியம் 46 சதவீதம் அதிகம் என்று 2023-இல் அது தெரிவித்தது. தொற்று அதிகம் பரவியது ஒரு காரணமாக இருக்கலாம், முன்பே இருந்த நோய்கள் இன்னொரு காரணமாக இருக்கலாம். மூன்றாவது காரணத்தைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அது சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்த காரணம்.

அதற்கு முன் நோயின் தாளத்தைப் பார்க்க வேண்டும்: லாங் கோவிட் உள்ளவர்களில் பலரின் உடம்பு ஒரு விசித்திரமான போக்கைக் காட்டும். உழைத்த அன்று உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும். 12 முதல் 48 மணி நேரம் கழித்துச் சரிவு வரும். கை கால் அசையாது, தலை மந்தமாகும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது. அது சில நாட்களோ வாரங்களோ நீடிக்கும். இது சோம்பலோ மனக்குழப்பமோ இல்லை என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் தசையிலிருந்தே சான்று எடுத்தார்கள். லாங் கோவிட் உள்ள 25 பேரையும் நலமான 21 பேரையும் கால் மணி நேர அளவுக்குச் சைக்கிள் மிதிக்க வைத்து, அதற்கு முன்னும் மறுநாளும் தொடைத் தசைத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில் புதிய சேதம் இருந்தது. ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைந்திருந்தது. 2024 ஜனவரியில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் இது வெளிவந்தது.

ஆகவே இத்தகையவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வது உடற்பயிற்சியை அன்று. சரிவு வருவதற்கு முன்பே நிறுத்துங்கள், தாங்கும் அளவுக்குள் இருங்கள் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘பேசிங்’ எனப்படும் இந்த முறைக்கு மாத்திரை வேண்டாம். நல்லாயிருக்கும் நாளிலேயே பாதியில் எழுந்து போகும் உரிமை வேண்டும். மேலாளருக்கு அந்த உரிமை பெரும்பாலும் இருக்கிறது. பராமரிப்பு இல்லத்தில் முதியவரைத் தூக்கி உட்கார வைக்கும் கேரருக்கும், லண்டனின் ஈஸ்ட் ஹாமில் கல்லாவில் நிற்கும் கடை ஊழியருக்கும் இல்லை.

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. பிரிட்டனில் முதலாளி கட்டாயம் தர வேண்டிய நோய்க்கால ஊதியம் 2025–26-இல் வாரத்துக்கு 118.75 பவுண்டாக இருந்தது. 2026 ஏப்ரல் 6-க்கு முன்பு, ‘காத்திருப்பு நாட்கள்’ எனப்பட்ட முதல் மூன்று வேலை நாட்களுக்கு அது கிடைக்கவில்லை. தவிர, நோய் தொடர்ந்து நான்கு நாளாவது நீடித்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது நோயாக இருந்தது. எட்டு வாரத்துக்குள் திரும்ப வரும் நோயை முந்தையதோடு இணைத்து, காத்திருப்பு நாட்களை மறுபடி கழிக்காமல் விடும் சலுகையும் இருந்தது. ஆனால் இரண்டு முறையும் நோய் நான்கு நாளாவது நீடித்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பழைய விதியை லாங் கோவிட்டின் தாளத்தோடு பொருத்திப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு கேரர் திங்கள், செவ்வாய் வேலை செய்கிறார். உடம்பு எச்சரிக்கிறது. புதன், வியாழன் படுத்து, சரிவைத் தடுத்து, வெள்ளிக்கிழமை திரும்புகிறார். மருத்துவர் சொன்னதைச் சரியாகச் செய்தவருக்குக் கிடைத்தது சுழியம். மாதம் மூன்று முறை இப்படிச் செய்தாலும் சுழியம்தான். இரண்டு நாள் ஓய்வு எத்தனை முறை வந்தாலும் ஒன்றோடொன்று இணையாது. அவரே புதனும் வியாழனும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்து, வெள்ளியன்று விழுந்து, இரண்டு வாரம் எழாமல் கிடந்தால் நான்காவது வேலை நாளிலிருந்து பணம் வரும். விழாமல் தப்பியவருக்கு அபராதம், விழுந்தவருக்கு ஊதியம் என்ற இந்தக் கணக்கை யாரும் வேண்டுமென்று வகுக்கவில்லை. 1911-இன் தேசியக் காப்பீட்டுச் சட்டத்திலேயே நோய்ப்பணம் நான்காவது நாளிலிருந்துதான் தரப்பட்டது. 1983-இல் அந்தப் பொறுப்பு முதலாளிகளிடம் வந்தபோதும் மூன்று நாள் நிலைத்தது. சின்னச் சளிக்கு லீவு போடுபவரைத் தடுப்பதே நோக்கம். ஒரே முறை வந்து ஒரே முறை போகும் நோய்களுக்கு வகுத்த விதி, வந்து வந்து போகும் நோயில் வேறு வேலை செய்தது.

2025–26-இல் வாரத்துக்கு 125 பவுண்டுக்குக் கீழே சம்பாதித்தவருக்கு இதுவும் இருக்கவில்லை. அந்த வரம்புக்குக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் பகுதிநேர வேலை செய்யும் பெண்கள். தொகையின் போதாமையை மறைக்கவும் முடியவில்லை: 2020 மார்ச்சில், அப்போது 94 பவுண்டாக இருந்த இந்தப் பணத்தில் தம்மால் வாழ முடியுமா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, சுகாதார அமைச்சர் மாட் ஹேன்காக் முடியாது என்றே சொன்னார். பெருந்தொற்றுக் காலத்தில் கோவிட் விடுப்புக்கு மட்டும் மூன்று நாள் விதியைத் தளர்த்திய அரசு, 2022 மார்ச்சில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. தொற்றுள்ளவர் வேலைக்கு வராமல் இருப்பது அடுத்தவருக்கு நல்லது என்றபோது பணம் இருந்தது. அவருக்கே நல்லது என்றானபோது இல்லை.

2026 ஏப்ரல் 6 முதல் காத்திருப்பு நாட்களும் 125 பவுண்டு வரம்பும் போயின. நிலையான தொகை, அல்லது சராசரி வாரச் சம்பளத்தில் 80 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். மேலே சொன்ன கேரரின் புதனுக்கும் வியாழனுக்கும் இனிப் பணம் உண்டு. இது சிறிய மாற்றம் இல்லை. என்றாலும் அரசு சொல்லும் அளவுக்குப் பெரிதும் இல்லை. 28 வார உச்சவரம்பு அப்படியே இருக்கிறது. இணைக்கப்படும் நோய்க்காலங்கள் எல்லாம் அந்த ஒரே கணக்கிலிருந்துதான் கழியும். ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்கு அது போதாது.

வேலைக்குத் திரும்பும்போது தரப்படும் ‘படிப்படியான’ அட்டவணையிலும், நோய் ஒரே முறை வந்து போகும் என்று எண்ணும் இதே தவறு இருக்கிறது. வாரா வாரம் சில மணி நேரம் கூட்டி, குறித்த தேதியில் முழுநேரம் என்பது வழக்கம். உடம்பு காலண்டரைப் பார்த்துத் தேறுவதில்லை. இதே தர்க்கத்தில் அமைந்த, உடற்பயிற்சியைக் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை நீள்சோர்வு நோய்க்கு இனித் தரக் கூடாது என்று நைஸ் 2021 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது.

ஊனமுற்றோர் உதவித்தொகையான பிஐபி-க்கும் நாள் கணக்கு உண்டு. சிரமம் மூன்று மாதமாக இருக்க வேண்டும், இன்னும் ஒன்பது மாதம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்க வேண்டும். ஒரு செயலைப் பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று விதி சொல்கிறது. சிறிது தூரத்தை ஒரு முறை நடந்து, மறுநாள் முழுக்கப் படுப்பவர் ‘நடக்க முடியும்’ என்று மட்டும் எழுதக் கூடாது. விண்ணப்பத்தில் பலர் தவறவிடுவது இதைத்தான்.

சுற்றுச்சூழல் பற்றிய சான்று இவ்வளவு உறுதியாக இல்லை. ஸ்டாக்ஹோம் இளைஞர்களிடம் நடந்த ஆய்வு, தொற்றுக்கு முன்பு காற்றின் நுண்துகள்களை அதிகம் சுவாசித்தவர்களிடம் லாங் கோவிட் கூடுதலாக இருந்ததைக் கண்டது. கட்டலோனியாவில் நடந்த ஆய்விலும் நுண்துகளோடு சிறிய தொடர்பு தெரிந்தது. இரைச்சலோடும் பசுமையான இடங்களோடும் அப்படித் தெரியவில்லை. இவை நோய் வருவதைப் பற்றியவை, நோயிலிருந்து மீள்வதைப் பற்றியவை அல்ல. காற்றோட்டத்தின் முக்கியத்துவம் வேறு வழியில் வருகிறது: மறுதொற்று லாங் கோவிட் ஆபத்தைக் கூட்டுகிறது, அடைத்த அறையில் நெருங்கி வேலை செய்பவருக்கு அது மீண்டும் மீண்டும் நேர்கிறது. வெப்பமும் உண்டு. எழுந்து நின்றாலே நெஞ்சு படபடத்துத் தலை சுற்றும் பாட்ஸ் கோளாறு உள்ளவர்களுக்கு வெயிலில் ரத்தக் குழாய்கள் விரிந்து நிலை மோசமாகும். நின்றே செய்யும் வேலையும் குளிர்சாதனம் இல்லாத வீடும் அங்கே கணக்கில் வரும்.

வீட்டுக்குள்ளே ஓய்வு கிடைப்பது இன்னொரு சிக்கல். அலுவலகத்தில் விடுப்பு எடுத்த பெண்ணுக்கு அடுப்படியில் விடுப்பு இல்லை. நம்பாதவர்களும் இருக்கிறார்கள்: 2022-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில் பங்கேற்ற லாங் கோவிட் நோயாளிகளில் 95 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகை இழிவை எப்போதாவது உணர்ந்ததாகச் சொன்னார்கள். இணையம் வழியாகத் தாமாக முன்வந்தவர்களிடம் எடுத்தது என்பதால் எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். நம்ப மாட்டார்கள் என்ற பயத்தில் நோயை மறைத்து வேலைக்குப் போவதும் சரிவுக்கே வழி.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வீட்டிலிருந்து வேலை செய்வது உதவுமா? பயணம் மிச்சம், இடையில் படுக்கலாம். ஆனால் மூளை உழைப்பும் உழைப்புதான், அதற்குப் பிறகும் சரிவு வரும்.

லாங் கோவிட் சட்டப்படி ஊனமா? ஸ்காட்லாந்தில் ஒரு தொழில் தீர்ப்பாயம் 2022-இல் ஒரு வழக்கில் ஆம் என்றது. மற்ற வழக்குகளை அது கட்டுப்படுத்தாது.

தடுப்பூசி? லாங் கோவிட் வரும் வாய்ப்பைக் குறைக்கும், வராமலே தடுக்காது.

சுயதொழில் செய்பவர்? நோய்க்கால ஊதியம் இல்லை, 2026 ஏப்ரல் மாற்றத்துக்குப் பிறகும் இல்லை.

தமிழ்நாட்டில்? தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டத்திலும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி வந்தால் அந்தக் கழிவு இல்லை. இந்த ஓர் இடத்தில் அது பிரிட்டனின் பழைய விதியைவிட மேல். சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, பதிவான நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு மட்டும்.