லேபிள் எர்ரர் காட்டாது, வார்த்தையை முழுங்கிடும்!

எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். தமிழ்ல தப்பு இருந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கோடிங்ல தப்பு இருந்தா மட்டும் திட்டலாம்.

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது ரொம்ப சின்ன விஷயம்தான். ஊர்ல இருக்கிற என் தாத்தா ஒரு நாளைக்கு அஞ்சு மாத்திரை போடறவர். கண்ணு சரியா தெரியாது, மாத்திரை அட்டையில இருக்கிற பொடி எழுத்தைப் படிக்க முடியாது. அதனால வீட்டுல சும்மா கிடந்த பழைய விண்டோஸ் லேப்டாப்புல, நேரம் வந்ததும் எந்த மாத்திரைனு பெரிய எழுத்துல காட்டற மாதிரி பைதான்ல ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். திரைக்கு டிகிண்டர், எழுத்தைக் காட்ட ஒரே ஒரு லேபிள். ரிவியூல டெமோ சூப்பரா ஓடுச்சு, மார்க்கும் வந்துச்சு.

லீவுல ஊருக்குப் போய் அதை மாட்டி வச்சேன். தாத்தா கிட்ட போய் நின்னு, மெதுவா படிச்சுட்டு என்னைப் பார்த்து கேட்டார்:

"ஏன் கண்ணு, சாப்பாட்டுக்குனு மட்டும் போட்டிருக்கே? முன்னாடியா, பின்னாடியா?"

நான் கொடுத்திருந்த வாக்கியம் 'சர்க்கரை மாத்திரை 1, சாப்பாட்டுக்கு முன்'. திரையில 'முன்' இல்லை. ப்ரோக்ராம் க்ராஷ் ஆகல, டெர்மினல்ல ஒரு எச்சரிக்கை கூட வரல. லேபிள் அமைதியா கடைசி வார்த்தையை முழுங்கிட்டு நின்னுச்சு. மாத்திரை விஷயத்துல அந்த ஒரு வார்த்தைதான் முக்கியமே! ரிவியூ பேனல் கேட்காத கேள்வியை தாத்தா கேட்டுட்டார்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து லேபிளோட ஒவ்வொரு ஆப்ஷனையும் ஒழுங்கா படிச்சேன். அதைத்தான் இங்க பகிர்ந்துக்கறேன். ஆப்ஷன் பேரையெல்லாம் உச்சரிப்புப்படி எழுதியிருக்கேன், டைப் பண்ணும்போது ஆங்கிலத்துல சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

முதல்ல, ஏன் வெட்டுச்சு?

என் லேப்டாப் திரை 1920 பிக்சல் அகலம். ஊர்ல இருந்த பழைய லேப்டாப் 1366 பிக்சல்தான். ஃபாண்ட் சைஸ் 48 கொடுத்திருந்தேன். என் திரையில முழு வாக்கியமும் உட்கார்ந்துச்சு, அங்க உட்காரல. லேபிளுக்கு இடம் பத்தலைனா அது தானா அடுத்த வரிக்குப் போகாது. இருக்கிற இடத்துல தெரியறதைக் காட்டும், மீதியை வெட்டிடும். இதுதான் அதோட இயல்பு. இதுல தப்பு டிகிண்டர் மேல இல்லை, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லல.

வித்: எண்ணிக்கையில ஏமாத்தும்

நம்மில் பலர் முதல்ல கை வைக்கிறது வித் ஆப்ஷன்லதான். வித் 20னு கொடுத்தா 20 பிக்சல்னு நினைப்போம். எழுத்து காட்டற லேபிளுக்கு அது பிக்சல் கணக்கு இல்லை. அந்த ஃபாண்ட்ல '0' என்கிற எண் எவ்வளவு அகலமோ, அது மாதிரி 20 மடங்கு. அதே லேபிள்ல படம் வச்சா மட்டும் வித் பிக்சல் ஆயிடும். ஹைட்டும் அப்படித்தான், எழுத்துனா வரிக்கணக்கு, படம்னா பிக்சல்.

தமிழுக்கு இந்தக் கணக்கு சுத்தமா ஒத்து வராது. நம்ம 'ணை' எங்கே, '0' எங்கே! லென் ஃபங்ஷனை வச்சு எண்ணிப் பார்க்கலாம்னு நினைச்சா அதுவும் உதவாது. 'சாப்பாட்டுக்கு' நம்ம கணக்குல ஏழு எழுத்து, பைதான் 14னு சொல்லும். 'சா' அதுக்கு ச ஒண்ணு, கால் ஒண்ணுனு ரெண்டு. உண்மையான அகலம் தெரியணும்னா ஃபாண்ட் ஆப்ஜெக்ட்டோட மெஷர் மெத்தட்கிட்ட வாக்கியத்தைக் கொடுங்க, பிக்சல்ல சொல்லிடும்.

ராப்லெங்த்: நான் மறந்த ஆப்ஷன்

அடுத்த வரிக்கு மடிக்கிறது ராப்லெங்த்தோட வேலை. இது பிக்சல் கணக்கு. டீஃபால்ட்டா 0, அதாவது நீங்களே வரி உடைச்சாதான் உண்டு, தானா மடிக்காது. 1200னு கொடுத்தா 1200 பிக்சலுக்குள்ள வார்த்தை இடைவெளி பார்த்து மடிக்கும். ஒரே வார்த்தை அதைவிட நீளமா இருந்தா மட்டும் நடுவுல உடைக்கும். நம்ம ஊர் சேர்ந்த சொற்களுக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம், அதனால ராப்லெங்த்தை ரொம்ப சின்னதா வைக்காதீங்க.

1200னு எண்ணா எழுதிட்டா அடுத்த லேப்டாப்ல மறுபடி அதே கதைதான். அதனால லேபிளை பேக் பண்ணும்போது ஃபில் ஆப்ஷனுக்கு எக்ஸ் கொடுத்து ஜன்னலோட முழு அகலத்துக்கும் விரியச் சொல்லுங்க. அப்புறம் கான்ஃபிகர் ஈவென்ட்டை அந்த லேபிளோட பைண்ட் பண்ணி, ஈவென்ட் தர்ற அகலத்துல ஓரத்துக்கு ஒரு 40 பிக்சல் கழிச்சு ராப்லெங்த்தா மாத்துங்க. ஜன்னல் சைஸ் மாறினா மடிப்பும் கூடவே மாறும்.

ஆங்கர், ஜஸ்டிஃபை: ரெண்டும் ஒண்ணு இல்லை

இதுல குழம்பாத ஆளே கிடையாது. ஆங்கர்னா மொத்த எழுத்துக் கட்டும் லேபிளுக்குள்ள எங்க உட்காரணும்னு சொல்றது. திசைப் பேர்ல கொடுக்கணும்: டபிள்யூ கொடுத்தா இடது பக்கம், ஈ கொடுத்தா வலது, டீஃபால்ட் சென்டர். ஜஸ்டிஃபைனா ஒண்ணுக்கு மேல வரி இருக்கும்போது, அந்த வரிகள் ஒண்ணுக்கொண்ணு எப்படி வரிசையாகணும்னு சொல்றது. ஒரே வரினா ஜஸ்டிஃபை மாத்தி ஒண்ணும் தெரியாது.

'ஆங்கர் மாத்தினேன், எதுவும் நகரலையே'னு ஜூனியர்ஸ் கேட்பாங்க. லேபிள் இயல்பா எழுத்து அளவுக்கே சுருங்கி இருக்கும். நகர இடமே இல்லைனா எப்படி நகரும்? ஃபில் கொடுத்து விரிச்சுட்டு மாத்திப் பாருங்க.

இதுல வெட்டு விஷயமும் இருக்கு. ஆங்கர் இடது பக்கமா இருந்தா வாக்கியத்தோட வால் போகும், எனக்கு 'முன்' போன மாதிரி. சென்டரா இருந்தா தலையும் வாலும் ரெண்டுமே போகும்.

ஃபாண்ட்

பேர், சைஸ், போல்டானு மூணையும் ஒரு டப்பிளா கொடுக்கலாம். சைஸ் நேர்ம எண்ணா இருந்தா பாயிண்ட், மைனஸ் போட்டா பிக்சல். 96 டிபிஐ திரையில 48 பாயிண்ட்னா 64 பிக்சல். நீங்க கேட்ட ஃபாண்ட் அந்த கம்ப்யூட்டர்ல இல்லைனா, இங்கயும் எர்ரர் வராது. சத்தமில்லாம வேற ஒண்ணைப் போட்டுக்கும், அகலமும் மாறிடும். ஃபேமிலீஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு லிஸ்ட்ல இருக்கானு ஒரு தடவை பார்த்துக்கோங்க. விண்டோஸ்ல தமிழுக்கு நிர்மலா யூஐ நல்லா வேலை செய்யுது.

லினக்ஸ்ல பண்றவங்க ஒண்ணு கவனிங்க. அங்க டிகிண்டர் தமிழ் எழுத்தைச் சேர்த்து வடிவமைக்கிறதுல சொதப்பும். 'கெ' எழுதினா கொம்பு முன்னால வராம பின்னால போய் நிக்கலாம். அப்படி வந்தா உங்க கோடைத் தேடாதீங்க, க்யூட் டூல்கிட்டோட லேபிளுக்கு மாறிடுங்க.

வெட்டுதானு லேபிள்கிட்டயே கேளுங்க

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடிச்ச பகுதி. லேபிள் தானா சொல்லாது, ஆனா கேட்டா மறைக்காது. வின்ஃபோ ரெக்வித் மெத்தட் 'எனக்கு இவ்வளவு அகலம் தேவை'னு சொல்லும். வின்ஃபோ வித் 'எனக்குக் கிடைச்சது இவ்வளவுதான்'னு சொல்லும். தேவை கிடைச்சதைவிட அதிகமா இருந்தா, ஏதோ வெட்டுப்படுதுனு அர்த்தம். உயரத்துக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி இருக்கு. கேட்கறதுக்கு முன்னாடி அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ் கூப்பிடணும், இல்லைனா பழைய அளவையே சொல்லும்.

இன்னொரு காரணத்துக்காகவும் வித் ஆப்ஷனைத் தொடாதீங்க. வித், ஹைட் கொடுத்துட்டா லேபிள் தன்னோட தேவையா நீங்க கொடுத்த எண்ணைத்தான் சொல்லும். எழுத்து எவ்வளவு கேட்குதுனு சொல்லாது. நீங்களே அதோட வாயை அடைச்ச மாதிரி ஆயிடும்.

இப்போ என் ப்ரோக்ராம் ஒவ்வொரு தடவை வாக்கியம் மாறும்போதும் இதைச் சரி பார்க்குது. இடம் பத்தலைனா ஃபாண்ட் சைஸை ரெண்டு ரெண்டா குறைச்சுப் பார்க்கும். 30க்குக் கீழ போனா தாத்தாவுக்குத் தெரியாது, அதனால அங்க நிறுத்திட்டு பீப் சத்தம் கொடுக்கும். தப்பு நடந்தா யாருக்காவது தெரியணும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் கோடால சரி பண்ணல. 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்' ரெண்டையும் வாக்கியத்தோட வால்ல இருந்து எடுத்து, மேல தனி லேபிள்ல பெருசா வச்சுட்டேன். முன்னா மஞ்சள் பின்னணி, பின்னா பச்சை. பிஜி, எஃப்ஜினு ரெண்டே ஆப்ஷன். எது வெட்டுப்படக் கூடாதோ அது கடைசியில இருக்கக் கூடாது.

அடுத்த தடவை டெமோவுக்கு 'ஹலோ வேர்ல்ட்' போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. உங்க ப்ரோக்ராம்ல வரக்கூடிய ரொம்ப நீளமான வாக்கியத்தை, கிடைக்கிறதுலயே ரொம்ப சின்ன திரையில போட்டுப் பாருங்க. நான் பண்ணல, அதான் இவ்வளவு கதை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ தாத்தா திரையைப் பார்த்துட்டு ஒண்ணும் கேட்கல. எழுந்து போய் மாத்திரையை எடுத்துப் போட்டுட்டு, அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு அந்த செமஸ்டர் மார்க்கைவிட அது போதும்.