நேராக உட்கார்ந்தால் கோணலாகத் தெரிகிறது

கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி வைத்து அவற்றின் மேல் அமருங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அது. இரண்டு கையிலும் அழுத்தம் ஒரே அளவா? பலருக்கு இருக்காது. நாற்காலி அதைப் பற்றிப் புகார் சொல்லாது. குதிரை சொல்லும்.

நான் வானொலி அறிவிப்பாளர். தினமும் நான்கு மணி நேரம் ஒலிவாங்கி இருக்கும் இடப்பக்கம் சாய்ந்தபடியே பேசுவது என் தொழில். வார இறுதியில் பினாங்குத் தீவின் மலையடிவாரத்தில் குதிரையேற்றம். சென்ற ஆண்டு மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி வலப்பக்கமாக விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்துச் சேணத்தில் ஏறியபோது, வலது கால் அங்கவடியில் நிற்கவே இல்லை. நேராகப் போக வேண்டிய குதிரை இடப்பக்கமே ஒதுங்கியது.

வாரின் நீளத்தை மாற்றலாமா என்று பயிற்சியாளர் அண்ணனிடம் கேட்டேன். பினாங்கு குதிரைப் பந்தய மன்றத்தின் லாயத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். பின்னால் நின்று பார்த்துவிட்டு, "வார் ரெண்டும் சரியாத்தான் இருக்கும்மா. உன் வலது இடுப்புதான் மேல ஏறி நிக்குது" என்றார். பிறகு குதிரையின் முதுகை விரலால் அழுத்திக் காட்டினார். இடப்பக்கம் தொட்டதும் அது தோலைச் சிலிர்த்து விலகியது. "உன் பாரம் முழுக்க இங்க இறங்குது. நீ நேராகுற வரைக்கும் இவன் மேல ஏற வேண்டாம்."

அந்தக் குதிரை ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது. 1864இல் தொடங்கிய அந்த மன்றம் 2025 மே 31ஆம் தேதி தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. ஓடி ஓய்ந்த குதிரையின் முதுகில் என் கோணலையும் ஏற்றுவது நியாயமில்லைதான். வாதாடாமல் இறங்கினேன்.

அத்தைக்கு உடனே தீர்வு கிடைத்துவிட்டது. நீவி விடுகிறவரிடம் போய் 'டக்' என்று ஒரு சத்தம் வரவைத்தால் போதுமாம். நான் இயன்முறை மருத்துவரிடம் போனேன். 'இடுப்பு விலகிவிட்டது' என்று நாம் எளிதாகச் சொல்கிறோமே, இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டு மொத்தமாகவே சில பாகை அளவுதான் அசையும் என்றார் அவர். என் விஷயத்தில் எலும்பு எங்கும் போகவில்லை. விழுந்த வலியில் இறுகிய தசை இன்னும் தளராமல் இடுப்பை மேலே இழுத்துப் பிடித்திருந்தது. இறுகியதை நீட்டவும் பலவீனமானதை வலுப்படுத்தவும் பத்து வாரம் பயிற்சி. (கால் மரத்துப்போனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், அது வேறு கதை.)

பத்து வாரம் முடிந்ததும் அளந்து பார்த்தார். இரண்டு பக்கமும் சமம். கதை இதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

குதிரையில் ஏறினால், வலப்பக்கம் சரிந்து விழப்போகிறேன் என்று உடம்பு அலறியது. அண்ணன் கைப்பேசியில் எடுத்த காணொளியில் நான் தூண் மாதிரி நேராக இருந்தேன். பல மாதங்களாகக் கோணலையே 'நேர்' என்று பதிவு செய்துகொண்ட மூளைக்கு, உண்மையான நேர் கோணலாகத் தெரிகிறது. தசையைச் சரிசெய்ய பத்து வாரம் போதும். இந்தப் பதிவை மாற்றுவதுதான் பெரிய பாடு.

அண்ணன் அங்கவடியைக் கழற்றிவிட்டார். குதிரையை நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடக்கவிட்டார். என் வேலை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வது மட்டும்தான். குதிரையின் இடது பின்னங்கால் தரையை விட்டு எழும்போது அந்தப் பக்க முதுகு சற்றுத் தாழும். என் இடது எலும்பு முனையும் கூடவே தாழும். வலதும் அப்படியே. அதை உணர்ந்து "இடது, வலது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். இடது தெளிவாக வந்தது. வலது வெறும் ஊகம். ஐந்தாவது வாரம்தான் அது என்னைத் தேடி வந்தது.

கால் இல்லாமல் என்ன சவாரி என்பவர்களுக்கு லிஸ் ஹார்ட்டலைச் சொல்வேன். டென்மார்க் வீராங்கனை. 1944இல் இளம்பிள்ளை வாதம் தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. குதிரையில் ஏற, இறங்க ஆள் துணை வேண்டும். ஒலிம்பிக்கின் நடைப்பயிற்சிக் குதிரையேற்றத்தில் பெண்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்த 1952 ஹெல்சிங்கியில் ஜூபிலி என்ற குதிரையோடு வெள்ளி வென்றார். 1956இல் மீண்டும் வெள்ளி. அவர் குதிரையோடு பேசியதெல்லாம் பெரும்பாலும் இடுப்பாலும் முதுகாலும்தான்.

தூரத்து உதாரணம் என்றால், தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் பெரிய காவடி எடுப்பவர்களைப் பாருங்கள். பாரம் தோளிலிருந்து இடுப்புப் பட்டைக்கு இறங்குகிறது. இடுப்பு ஒரு விரல் சாய்ந்தாலும் காவடியின் உச்சி அதைப் பெரிதாக்கி ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஆடிக்கொண்டே அதை நடுவில் நிறுத்துகிறார்களே, அதற்கு முன்னால் என் பத்து வாரம் ஒன்றுமேயில்லை.

வீட்டுப்பாடமும் உண்டு. பட்டர்வொர்த்திலிருந்து படகில் வரும்போது, கம்பிக்குப் பக்கத்தில் ஆனால் அதைப் பிடிக்காமல், இரண்டு காலிலும் சமமாக நிற்கிறேன். துறைமுகத்தை நெருங்கிப் படகு திரும்பும்போது இடுப்பு என்ன செய்கிறது என்று கவனிப்பேன். ஒலிபரப்பு அறையில் ஒலிவாங்கியை நடுவுக்குக் கொண்டுவந்தாயிற்று. தொழில்நுட்பப் பிரிவு நண்பருக்கு அதில் இன்னும் வருத்தம்.

போன ஞாயிறு, சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் அண்ணன் குதிரையின் முதுகை இடப்பக்கம் முழுக்க விரலால் அழுத்திக்கொண்டே போனார். அது காதைக்கூட அசைக்காமல் புல்லைத் தின்றுகொண்டிருந்தது.

"அடுத்த வாரம் வலப்பக்க வட்டத்துல கொஞ்சம் ஓட்டிப் பாக்கலாம்மா" என்றார். "ஏழு மணிக்கு வந்துடு. வெயில் ஏறிட்டா அவனுக்குப் பிடிக்காது."