ஓடும் ஆலையில் மென்பொருள் புதுக்குதல்

இறம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் புகையிரதப் பாதை, 45 அடிக்கு ஓரடி உயரும் கடும் ஏற்றமுடையது. 1867ஆம் ஆண்டில் கண்டி வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது இவ்வழியேயாம். இத்தகைய மலைப்பாதைகளில், ஒற்றைத் தண்டவாளத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாதிருத்தற்பொருட்டு நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்தது ‘டப்லெட்’ முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு தகடு எடுக்கப்படின், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டியுள் இடப்படும் வரை மற்றொரு தகடு எவர் கைக்கும் வாராது. தகடு பெறாத சாரதி அப்பகுதியுட் புகுதல் கூடாது.

இவ்வொழுங்கின் உட்பொருள் மூன்றாகும். ஒரு வேளையில் ஒருவனுக்கே உரிமை. அவ்வுரிமை கண்ணாற் காணத்தக்க பொருளாயிருத்தல். அது திரும்பி வந்த பின்னரே அடுத்த செயல். இற்றைநாள் தொழிற்சாலைகளிலே பொறிகளை ஆளும் மென்பொருளைப் புதுப்பதிப்புக்கு மாற்றும்போதும் வேண்டப்படுவது இதுவே. தமிழாசிரியன் இதனை எழுதுவானேன் என வினவுவாரும் உளராவர். நம் கல்லூரியிற் கற்றவர் பலர் நீர்வழங்கல் நிலையங்களிலும், மின்னிலையங்களிலும், தேயிலைத் தொழிற்சாலைகளிலும் கடமை புரிகின்றனர். அவர்தம் தொழில் நம் மொழியிலே விளக்கப்படுமாயின், பின்வரும் மாணவர்க்கும் அது கைவரும் அன்றோ!

முதலில், தன்னியக்கச் சேவையகம் என்பது யாதெனக் காண்போம். ஓர் ஊருக்கு நீர் வழங்கும் நிலையத்தை உதாரணமாகக் கொள்வோம். மேட்டிலுள்ள தாங்கியில் நீர்மட்டத்தை அளக்கும் உணரி ஒன்று உண்டு. மட்டம் தாழ்ந்தால் பம்பியை ஓடச் செய்வதும், உயர்ந்தால் நிறுத்துவதும் அருகிலுள்ள சிறு கட்டுப்படுத்தியின் வேலை. இத்தகைய பல கட்டுப்படுத்திகளிலிருந்து செய்திகளைத் திரட்டி, கடமையாளர் முன்னுள்ள திரையிற் காட்டி, அபாயமணி ஒலித்து, நாள்தோறும் நடந்தவற்றைப் பதிந்து வைப்பதே சேவையகம். கட்டுப்படுத்தி கை எனின், சேவையகம் கண்ணும் நினைவும் ஆகும். ஆதலால், நன்கு அமைந்த ஆலையில் சேவையகம் சற்று நின்றாலும் பம்பி உடனே நின்றுவிடாது. ஆயினும் கடமையாளர் கண்கட்டப்பட்டவர் போலாவர். அதனினும் கொடிது, சேவையகம் நில்லாது பிழையான செய்தியைக் காட்டுவதாகும்.

இவ்வளவு இடருண்டெனின், பழையதையே வைத்துக்கொள்ளலாகாதோ? ஆகாது. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் விண்டோஸ் மென்பொருளிலிருந்த ஒரு துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. அதனை இட்டுக்கொள்ளாத கணினிகளை, அவ்வாண்டு மே மாதம் 12ஆம் நாள் பரவத் தொடங்கிய ‘வன்னாகிரை’ என்னும் தீநிரல் பற்றிக்கொண்டது. பிரித்தானிய வைத்தியசாலைகள் தடுமாறின. ரெனோல்ற் நிறுவனத்தின் மோட்டார்வண்டித் தொழிற்சாலைகள் சில வேலையை நிறுத்தின. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையகம் கப்பங்கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள அஞ்சல்கள் மீளாதொழிந்தன. அங்கு வழங்கியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுக்கும் முயற்சி நிதிக்குறைவு முதலிய காரணங்களாற் பிற்போடப்பட்டிருந்தது. அக்காலப் பகுதிக்குப் புறம்பான காப்புப்பிரதியும் இருக்கவில்லை. இஃது ஆலையன்று, அலுவலகமே; எனினும் பாடம் ஒன்றே.

இனி, ஆராயாது புதுக்குவதன் விளைவையும் நோக்குவோம். அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஹச் அணுமின்னிலையத்தில், 2008ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், அலுவலக வலையமைப்பிலிருந்த கணினி ஒன்றில் பொறியியலாளர் ஒருவர் மென்பொருட் புதுப்பிப்பை இட்டார். அக்கணினி மீண்டும் தொடங்கியபோது, கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்த தரவுகளும் அதனோடு அழிந்து தொடக்கநிலை எய்தின. தரவு இல்லாமையைக் குளிர்விக்கும் நீர் குறைந்ததென உணர்ந்த பாதுகாப்பு அமைப்பு உலையை நிறுத்திற்று. 48 மணிநேரம் அவ்வுலை இயங்கவில்லை. பாதுகாப்பு அமைப்பு தன் கடமையைச் செவ்வனே செய்தது, உயிர்ச்சேதம் இல்லை. பிழை, இரு கணினிகளுக்கும் இடையேயிருந்த தொடர்பை ஆராயாமையே. 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தாய்வான் நாட்டின் பெரிய சில்லுத் தொழிற்சாலையான ரி.எஸ்.எம்.சி.யில் ஒரு புதுப் பொறிக்கு மென்பொருள் நிறுவுகையில், அதிலிருந்த தீநிரல் வலையமைப்பிற் புகுந்து பல பொறிகளை முடக்கிற்று. இணைக்குமுன் சோதித்திருப்பின் இது நேர்ந்திராது.

ஆகவே புதுக்காமையும் தீது. கண்மூடிப் புதுக்குதலும் தீது. செய்யும் முறை இதுவாம்.

முதலாவது, கணக்கெடுத்தல். எந்தக் கணினியில் எந்த மென்பொருள், எத்தனையாம் பதிப்பு, எந்தக் கட்டுப்படுத்தியோடு எவ்வாறு பேசுகின்றது, எந்த உரிமச் சாவியில் ஓடுகின்றது என்பவற்றைத் தாளில் எழுதுக. ஹச் நிலையத்திற் காணாது விடப்பட்ட தொடர்பு போன்றவை இத்தாளிலேதான் வெளிப்படும். புதுப்பதிப்புப் பழைய கட்டுப்படுத்திகளோடு ஒத்துப்போகுமா என்பதைச் செய்தவரின் கைந்நூலிற் பார்த்தறிக.

இரண்டாவது, காப்புப்பிரதி. சேவையகத்தின் முழுப்பிரதி மட்டும் போதாது. கட்டுப்படுத்திகளின் நிரல்கள், திரைப்படங்கள், பதிவேடுகள், உரிமச் சாவிகள், கடவுச்சொற்கள் யாவும் வேண்டும். ஒரு பிரதியேனும் வலையமைப்பினின்று கழற்றி வேறிடத்தில் வைக்கப்படல் வேண்டும். மேலும், அப்பிரதியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தாலன்றி அது பிரதியென்று கருதற்க. மீட்டறியாத பிரதி, திறந்து பாராத விதைக்குதிர் போன்றது; உள்ளே நெல்லோ பதரோ, யார் அறிவார்?

மூன்றாவது, ஒத்திகை. ஓடும் சேவையகத்தைத் தொடாது, அதன் பிரதியொன்றைத் தனிக்கணினியில் அமைத்து, அங்கே புதுப்பதிப்பை இட்டு, அபாயமணி ஒலிக்கிறதா, அளவுகள் சரிவர வருகின்றனவா, பழைய பதிவேடு திறக்கின்றதா எனச் சோதிக்க. அதற்குச் சென்ற நேரத்தையும் குறித்துக்கொள்க.

நான்காவது, அனுமதியும் வேளையும். தேயிலைத் தொழிற்சாலையாயின் கொழுந்து வாட்டில் நிறைந்திருக்கும் இரவு இதற்கேற்ற வேளையன்று. ஆலைத் தலைவர் எழுத்தில் அனுமதி தருதல் வேண்டும். அவ்வனுமதி ஒருவர் கையிலுள்ள வரை, பிறிதொருவர் அவ்வமைப்பில் எம்மாற்றமும் செய்யலாகாது. இதுவே நம் மலைப்பாதைத் தகடு. திரை இருளும் நேரத்தில் நீர்மட்டத்தை நேரிற் பார்த்துப் பம்பியைக் கையால் ஓட்டத்தக்கவர் அவ்விடத்தில் நிற்றலும் இன்றியமையாதது.

ஐந்தாவது, படிப்படியாகச் செய்தல். இரட்டைச் சேவையகம் உள்ள இடத்தில், காத்திருக்கும் சேவையகத்தை முதலிற் புதுக்கி, கடமையை அதற்கு மாற்றி, நன்கு நடப்பதைக் கண்ட பின்னரே மற்றையதைத் தொடுக. ஆனால் இரு பதிப்புகளும் ஒருங்கே இயங்க வல்லனவா என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஒற்றைச் சேவையகமாயின், பழைய வட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திப் புதுவட்டில் நிறுவுதல் நன்று.

ஆறாவது, திரும்பும் வேளையை முன்னரே வரையறுத்தல். விடிய ஐந்து மணிக்கு ஆலை தொடங்க வேண்டும்; பழைய நிலைக்கு மீள இரண்டு மணிநேரம் செல்லும் எனின், மூன்று மணிக்குள் வேலை நிறைவேறாதவிடத்துத் திரும்பிவிடுதலே அறிவுடைமை. “இன்னும் பத்து நிமிடம்” என்னும் ஆசையே பெருங்கேட்டின் வாயில்.

ஏழாவது, பின்னோட்டம். திரையிற் காணும் அளவை நேரிலுள்ள அளவுமானியோடு ஒப்பிடுக. பல நாள் கண்காணித்து, செய்தவற்றையெல்லாம் தாளில் எழுதி, அதன் பின்னரே பழைய வட்டை வேறு தேவைக்கு எடுக்க.

இவையனைத்தும் காலமும் பணமும் வேண்டுவன. ஒத்திகைக்குத் தனிக்கணினி வாங்க மறுத்த நிருவாகம், நள்ளிரவில் தனியே இருந்து புதுக்கிய இளைஞனை மறுநாட் காலையில் குற்றவாளியாக்குதல் நீதியன்று. “ஏற்பாடு போதாது, இன்று செய்யலாகாது” என்று ஒரு தொழில்நுட்பவியலாளன் அஞ்சாது சொல்லத்தக்க ஆலையே பாதுகாப்பான ஆலை. அச்சொல்லை மதித்துக் கேட்கும் தலைவரும், உண்மையாய்ச் சொல்லும் ஊழியரும் நம் கல்லூரியினின்று பலராக எழுவாராக. திருந்தாத மென்பொருளால் ஓர் ஊரின் குழாய் வறண்டால் முதலில் வருந்துவது குடமேந்தி நிற்கும் தாய்மாரே என்பதை அவர்கள் மறவாதிருப்பாராக.