பலெர்மோ நகரின் தெருவுணவு நடைச்சுற்று: விருந்தினர் பணம் யார் கைக்குச் சேர்கிறது?

இத்தாலி தேசத்தின் தென்பால் உள்ள சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. கி.பி. 831-இல் அராபியர் கைக்கும், 1072-இல் நார்மானியர் கைக்கும் மாறிய இப்பழம்பதியில் இக்காலத்தில் ஒரு புதுவகைத் தொழில் நடைபெற்று வருகிறது. வெளியூர்ப் பயணிகளைப் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்த்து, வழிகாட்டி ஒருவர் முன்னே நடந்து, சந்தைத் தெருக்களில் விற்கும் உணவுகளைக் கடைதோறும் சிறிது சிறிதாகச் சுவைக்கச் செய்து, அவற்றின் வரலாற்றையும் எடுத்துரைத்து, ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் சுற்றினை முடித்து வைப்பதே அத்தொழில். கட்டணம் முன்னதாகவே செலுத்தப்பட்டுவிடும். கடைக்குக் கடை பயணி பையைத் திறக்க வேண்டுவதில்லை.

நெசவாளரும் பயிர்த்தொழில் புரிவோரும் படிக்கும் இவ்வேட்டில் தின்பண்டச் செய்தி எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். பொருளைச் செய்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், இருவரையும் கூட்டிவைப்பவன் மற்றொருவன் என்னும் ஏற்பாடு எங்கு நடந்தாலும் அதன் கணக்கை நாம் பார்த்துத்தான் ஆகவேண்டும். பலெர்மோவில் அக்கணக்கினுள் நான்காவது கை ஒன்றும் நெடுங்காலமாக நுழைந்திருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பழைய நகரை இரண்டு நேர்த்தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன. அவை சந்திக்கும் நாற்சந்திக்குக் ‘குவாத்ரோ காந்தி’, அதாவது நான்கு மூலைகள் என்று பெயர். இதனைச் சுற்றிலும் பல்லாரோ, காப்போ, வுச்சிரியா என்னும் மூன்று சந்தைகள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் காலாற நடந்தே போகலாம். தெருவின் இருபுறமும் காய்கனியும் மீனும் குவிந்திருக்க, வணிகர் இராகமிட்டுக் கூவி விற்பர். அக்கூவலுக்கென்றே ‘அப்பன்னியாத்தா’ என்று சிசிலி மொழியில் ஒரு சொல் இருக்கிறது.

இனி, உணவு. சுற்றில் பெரும்பாலும் முதலில் வருவது ‘பனெல்லே’. இதன் மூலப்பொருள் நாமெல்லாம் அறிந்த கடலை மாவே. மாவைத் தண்ணீரிலும் உப்பிலும் கட்டியில்லாமற் கரைத்து, அடுப்பில் ஏற்றிக் கை ஓயாமற் கிளற வேண்டும். களி போல இறுகியதும் கொத்துமல்லியை ஒத்ததொரு கீரையைப் பொடியாக அரிந்து தூவி, மெல்லிதாகப் பரப்பி ஆறவிடுகிறார்கள். ஆறியபின் வில்லைகளாக வெட்டிக் கொதிக்கும் எண்ணெயில் இட்டுப் பொரித்து, எள் தூவிய ரொட்டியின் நடுவே அடுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பர். நம் பஜ்ஜிக்குக் கடலை மாவு மேலாடையாகிறது. அங்கே மாவே பண்டமாகிவிடுகிறது. வேறுபாடு அவ்வளவே. அராபியர் ஆட்சிக் காலத்தில் தோன்றிய உணவு இஃது என்பது அவ்வூர் வழக்கு. ஏழை எளியவரின் பகலுணவாக இருந்துவந்த இப்பண்டத்தைத்தான் இன்று தூரதேசத்தார் பணம் கட்டி வரிசையில் நின்று உண்கிறார்கள்.

அடுத்தது புலால் உண்பவர்க்கு மட்டும் உரியது. மாட்டின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்துச் சீவிக் கொழுப்பில் வதக்கி ரொட்டியில் வைத்துத் தருவது. எலுமிச்சைச் சாறு மட்டும் சேர்த்தால் அதற்குப் ‘பிரமசாரி’ என்றும், பாலாடைக்கட்டி சேர்த்தால் ‘மணமானவன்’ என்றும் பொருள்படும் பெயர்களை இட்டிருக்கிறார்கள். இடைக்காலத்தில் அங்கு வாழ்ந்த யூத இறைச்சித் தொழிலாளர், விலங்கை அறுப்பதற்குப் பணக்கூலி பெறுவது அவர்தம் சமய விதிக்கு மாறானதாகையால், உள்ளுறுப்புகளைக் கூலியாகப் பெற்று, அவற்றைச் சமைத்து விற்றுப் பிழைத்தனர் என்றும், அதுவே இவ்வுணவின் தொடக்கம் என்றும் வழிவழியாகச் சொல்கின்றனர். சிசிலியை ஆண்ட ஸ்பானிய அரசு 1492-இல் பிறப்பித்த ஆணையால் யூதர் வெளியேற்றப்பட்டனர். உணவு மட்டும் தங்கிவிட்டது. 1834-இல் தொடங்கிய சான் பிரான்செஸ்கோ ரொட்டிக் கடை இன்றளவும் இதற்குப் பெயர்பெற்றது.

வெங்காயமும் தக்காளியும் நெத்திலி போன்ற சிறு மீனும் பாலாடைக்கட்டியும் மேலிட்டுச் சுட்ட பஞ்சு போன்ற தடித்த ரொட்டிக்கு ‘ஸ்பின்ச்சோனே’ என்று பெயர். இதனை மூன்று சக்கர வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டு செல்வர். அவ்வண்டி 1948-இல் இத்தாலியில் பிறந்த ‘ஆப்பே’; அம்மொழியில் தேனீ என்று பொருள். நம்மூர்ச் சந்தைகளுக்குக் காய்கறி மூட்டை சுமந்து வரும் ஆப்பே ஆட்டோவின் மூதாதை அதுவே என்பதை அங்கத்தினர் அறிந்திருக்க மாட்டார்கள்.

சோற்று உருண்டையைப் பொரித்த ‘அரன்சீனா’, கரியடுப்பில் புகைய வாட்டிய குடற்சுருள் ஆகியவையும் உண்டு. அவற்றை விரித்துரைக்கின் கட்டுரை நீளும். ஒன்று மட்டும் சொல்லலாம். டிசம்பர் 13-ஆம் நாள், லூசியா என்னும் புனிதையின் திருநாளன்று, பலெர்மோ மக்கள் கோதுமை மாவில் செய்த ரொட்டி முதலியவற்றைத் தொடுவதில்லை. அரிசியும் கடலை மாவுமே அன்றைய உணவு. 1646-இல் பஞ்சம் வந்துற்றபோது தானியக் கப்பல் துறைமுகம் சேர்ந்ததாகவும், மக்கள் அதனை மாவாக அரைக்கவும் பொறுமையின்றி அப்படியே அவித்து உண்டதாகவும் அதற்குக் காரணம் கூறுகின்றனர். அதன் நினைவாக அவித்த கோதுமை மணியை அன்று உண்பதும் உண்டு.

இனிக் கணக்குக்கு வருவோம். பின்வரும் தொகைகள் விளக்கத்தின் பொருட்டு நாம் வைத்துக்கொள்வன. எந்த நிறுவனத்தின் ஏட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. பத்துப் பயணிகள், தலைக்கு 50 யூரோ. ஆக 500 யூரோ வரவு. பயணிகள் பலரும் இணையத்தளங்களின் வாயிலாகவே இடம் பதிவு செய்கிறார்கள். அத்தளங்கள் நூற்றுக்கு 20 முதல் 30 வரை தரகு பிடிப்பது வழக்கம். 25 என்று கொண்டால் 125 யூரோ போயிற்று. வழிகாட்டியின் ஊதியம் 120. ஆறு கடைகளில் தலைக்கு 2 யூரோ வீதம் பண்டம் வாங்கினால் 120. எஞ்சிய 135 யூரோவில் வரி, காப்புறுதி, விளம்பரம் போக மிகுவது நடத்துபவருக்கு. ஆகவே, எந்த உணவின் பெயரைச் சொல்லி 500 யூரோ திரட்டப்பட்டதோ, அந்த உணவைச் சமைத்தவர்கள் அறுவருக்கும் சேர்த்துக் கிடைப்பது 120. ஒரு கடைக்கு 20. எங்கோ இருந்துகொண்டு பெயரைப் பதிவு செய்த தளத்திற்கு, அறுவர் பெற்றதற்கும் மேலாக 5 யூரோ கூடுதல்.

சேலையின் விலையையும் நெய்தவரின் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இக்கணக்கு புதிதாகத் தோன்றாது. எனினும் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுவதும் முறையன்று. கடைக்காரருக்கு விற்பனை முன்கூட்டியே உறுதியாகிறது. இத்தனை மணிக்கு இத்தனை பேர் வருவர் என்று தெரிந்தால் சரக்கு வீணாவதில்லை. வழிகாட்டியின் உழைப்பும் உழைப்பே. வந்தவருள் சிலர் மறுநாள் தாமாகவே அக்கடைக்குத் திரும்புவதும் உண்டு, அப்பணத்தில் தரகில்லை. நம் மனத்திற் படுவது யாதெனில், நடைச்சுற்று நன்றா தீதா என்பதன்று வினா. தலைக்கு எவ்வளவு என்பதைக் கடைக்காரர் தனித்தனியே பேசி ஏற்கிறாரா, அல்லது சந்தையார் ஒன்றுகூடிப் பேசுகிறார்களா என்பதே. தனித்தனியே பேசுமிடத்தில் விலை எப்பக்கம் சாயும் என்பது நாம் அறியாததன்று.

வேறொரு தீங்கும் உண்டு. பிரெஞ்சு மொழியில் இறைச்சிக் கடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர்பெற்ற வுச்சிரியாச் சந்தையை ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ 1974-இல் தீட்டினார். மீனும் இறைச்சியும் கனியும் இடைவெளியின்றிக் குவிந்து, மக்கள் உரசி நடக்கும் காட்சி அது. இன்று அச்சந்தையில் பகற்கடைகள் மிகவும் குறைந்துவிட்டன. இரவில் உண்பாரும் குடிப்பாருமே அங்கு மிகுதி. இதற்குச் சுற்றுலா ஒன்றையே காரணமாகச் சொல்வதற்கில்லை. போருக்குப் பின் பழைய நகரை விட்டு மக்கள் புறநகர்க்குக் குடிபெயர்ந்தது பெரிய காரணம். ஆயினும், கீரை வாங்க வருவோர் குறைந்து வேடிக்கை பார்க்க வருவோர் மிகுந்தால் சந்தை சந்தையாக நிலைப்பது அரிது.

முன்னர்க் கூறிய நான்காவது கைக்கு வருவோம். சிசிலியில் மாஃபியா என்னும் கொள்ளைக் கூட்டம் வணிகரிடம் மாதந்தோறும் மிரட்டிப் பறிக்கும் பணத்திற்குப் ‘பிட்சோ’ என்று பெயர். பறவையின் அலகு என்று பொருள். ‘அலகை நனைத்துக்கொள்ளுதல்’ என்னும் வழக்கிலிருந்து வந்த சொல். கொடுக்க மறுத்தால் கடைப்பூட்டில் பசை ஊற்றப்படும். அடுத்துக் கடை எரியும். லிபெரோ கிராசி என்பவர் பலெர்மோவில் இரவுடையும் உள்ளாடையும் செய்யும் ஆலை நடத்தியவர். நம்மைப் போலத் துணியோடு தொடர்புடையவர். அவர் பணம் தர மறுத்தது மட்டுமன்றி, மிரட்டுவோர்க்கு ஒரு திறந்த மடலும் எழுதினார். 1991 ஜனவரி 10-இல் அவ்வூர் நாளிதழில் அது வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 29-இல் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே, மிரட்டலுக்கு ஆளான வணிகர்க்கு ஈடு வழங்கும் நிதி ஒன்றை அரசு அவசரச் சட்டத்தால் அமைத்தது.

கிராசி தனியாக நின்றார். அதுவே அவர் உயிரைக் கொண்டது என்பர். 2004 ஜூன் மாதத்தில் ஓரிரவு, இளைஞர் சிலர் நகரெங்கும் சிறு ஒட்டுச்சீட்டுகளை ஒட்டினர். பிட்சோ கொடுக்கும் மக்கள் மானமிழந்த மக்கள் என்பது அதன் கருத்து. அதிலிருந்து ‘அத்தியோபிட்சோ’ என்னும் இயக்கம் பிறந்தது. பிட்சோவுக்கு விடை கொடுத்தல் என்று பொருள். இவர்கள் கண்ட வழி எளிது. கொடுக்க மறுக்கும் கடைகளின் பட்டியலொன்றை வெளியிட்டு, வாங்குவோரை அக்கடைகளிலேயே வாங்கும்படி வேண்டினர். 2006-இல் ஏறத்தாழ நூறு கடைகளுடன் முதற்பட்டியல் வந்தது. சேர்ந்த கடையின் வாயிலில், ‘கொடாதவர்க்கே கொடுப்பேன்’ என்னும் பொருள்பட ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்பட்டது. ஒரு கடையைக் கொளுத்தலாம். நூறு கடைகள் ஒரே பட்டியலில் நிற்கும்போது கொளுத்துவது அவ்வளவு எளிதன்று. மேலே குறித்த 1834-ஆம் ஆண்டுக் கடையின் உரிமையாளரும் 2005-இல் மிரட்டப்பட்டுக் காவல்துறையை நாடினார். 2007-இல் நீதிமன்றத்தில் தம்மை மிரட்டியவரை விரல் நீட்டிக் காட்டினார்.

2009-இல் இவ்வியக்கத்திலிருந்து ஒரு பயண ஏற்பாட்டுக் கிளை தோன்றியது. அதன் நடைச்சுற்றில் தேவாலயங்களோடும் சந்தைகளோடும் பிட்சோ மறுத்த கடைகளும் இடம்பெறுகின்றன. உண்பதும் தங்குவதும் பட்டியலில் உள்ள இடங்களிலேயே. பயணி செலுத்தும் பணம் யார் கைக்குச் சேராது என்பதை முன்னரே சொல்லிவிடுவது இந்த ஏற்பாட்டின் சிறப்பு.

நகருக்கு வெளியே வயல்களிலும் இதன் தொடர்ச்சியைக் காணலாம். மாஃபியாவிடமிருந்து பறிமுதல் செய்த சொத்தைப் பொதுக் காரியத்திற்கு அளிக்க வேண்டும் என்று பத்து லட்சம் கையொப்பம் திரட்டப்பட்டு, 1996-இல் 109-ஆம் எண் சட்டம் வந்தது. அதன்படி நிலம் ஊராட்சியின் உடைமையாகவே இருக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் வாடகையின்றிப் பயிரிடலாம். 2001-இல் பலெர்மோ மாகாணத்துச் சான் ஜுசெப்பே யாத்தோ என்னும் ஊரில் தொடங்கிய சங்கத்திற்குப் பிளாச்சிதோ ரிட்சோத்தோவின் பெயர் இடப்பட்டது. கொர்லியோனேயில் நிலமற்ற குடியானவர்களை ஒன்றுதிரட்டி, 1948 மார்ச்சில் கொல்லப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் அவர். அவர்தம் எலும்புகள் 2009-இல் கண்டெடுக்கப்பட்டு, 2012-இல் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. இத்தகைய சங்கங்கள் ‘லிபெரா தெர்ரா’, அதாவது ‘விடுதலை பெற்ற மண்’ என்னும் பொதுப்பெயரில் கோதுமைப் பண்டங்களும் கொண்டைக்கடலையும் திராட்சை மதுவும் விற்கின்றன. தொடக்கத்தில் அறுவடைக்கு இயந்திரம் வாடகைக்குத் தரவும் அக்கம்பக்கத்தார் அஞ்சினர் என்பது குறிப்பிடத்தக்கது.

வழிகாட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். இத்தாலியில் யார் வேண்டுமானாலும் வழிகாட்டியாகிவிட முடியாது. 2023 டிசம்பரில் இயற்றப்பட்ட 190-ஆம் எண் சட்டம், நாடு முழுமைக்கும் ஒரே தேர்வையும் ஒரே பெயர்ப்பட்டியலையும் ஏற்படுத்தியது.

சுற்றின் இறுதியில் இனிப்பு வரும். மாவுக்குழலைப் பொரித்து, செம்மறியாட்டுப் பாலில் எடுத்த மென்கட்டியைச் சர்க்கரை சேர்த்து உள்ளே அடைத்த ‘கன்னோலோ’ அது. நல்ல கடையில் குழலை முன்னதாக நிரப்பி வைப்பதில்லை. ஈரம் ஏறிக் குழல் நமத்துப் போகும். வந்தவர் கேட்டபின் கண்ணெதிரே நிரப்பித் தருவர். வழிகாட்டி அதனைக் கையில் வாங்கிக் கொடுத்துவிட்டு, பல்லாரோவுக்குத் தனியே போகும் வழியையும், காலையிலேயே போவது நலம் என்பதையும் சொல்லி விடைபெறுகிறார்.